குகைக்குள் நின்ற ரயில்

"பார்த்துக்கிட்டே இருங்க தம்பி. குகைக்குள்ள போகும், அப்படியே நின்னுடும்."

பெண்ணின் அப்பா சொல்லி வாய் மூடவில்லை, பொம்மை ரயில் அட்டை மலையின் குகைக்குள் புகுந்து நின்றுவிட்டது.

அறையை அடைத்துக்கொண்டு ஒரு மேஜை. அதன்மேல் தண்டவாளம், ஸ்டேஷன், தீப்பெட்டி அளவில் வீடுகள். ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு இப்போது இதுதான் உலகம். ரயிலை ஓட்டும் கண்ட்ரோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றத் தெரியாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்பது அவர் கட்சி. வந்திருப்பவனோ ஜன்னல் திரை விற்கிற கடையில் வேலை பார்ப்பவன். ஆசைப்பட்டவளைக் கட்டிக்கொள்ள வேண்டுமானால் இன்றைக்கு இந்த ரயில் ஓடியாக வேண்டும்.

"நான் பார்க்கலாமா சார்?"

"அதுக்குத்தானே என் பொண்ணு உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கா."

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தண்டவாளத்தைத் துடைத்தான். இணைப்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் தட்டினான். எஞ்சினை வெளியே இழுத்துக் கவிழ்த்து, சக்கரத்தை ஊதினான். பெரிய டாக்டர்கூட இவ்வளவு தலையாட்டியிருக்க மாட்டார்.

"அழுக்கு இல்ல. இணைப்பும் கெட்டியா இருக்கு. கோளாறு குகைக்குள்ளதான் சார்."

"அடேயப்பா!" என்றார் அவர். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை.

காபி கொண்டுவந்த மகள், கதவோரம் நின்று மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் எஞ்சினைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டு, குகைக்குள் முழங்கைவரை கையை விட்டான். துழாவினான். மறுபடியும் துழாவினான். முகம் வெளுத்தது. நெற்றியில் வேர்வை பொடித்தது.

"என்ன தம்பி, ஏதாவது கிடைச்சுதா?"

"இ... இருங்க சார்."

மகள் மின்விசிறியை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். பாவம், அழுதுவிடுவான் போலிருந்தது. ஆனது ஆகட்டும் என்று கையை வெளியே எடுத்தான்.

"இப்ப விட்டுப் பாருங்க சார்."

ரயில் கிளம்பியது. குகைக்குள் போனது. அந்தப் பக்கம் ஜம்மென்று வெளியே வந்து ஸ்டேஷனைச் சுற்றியது. அவனுக்கே நம்ப முடியவில்லை.

"பலே! அப்படி என்னதான் கோளாறு?"

போன உயிர் திரும்பிய தெம்பில் அவன் பேச ஆரம்பித்தான். "தண்டவாளத்து மேல ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது சார். கண்ணாடி மாதிரி, கண்ணுக்கே தெரியாது. அதனால சக்கரத்துக்குக் கரண்ட் ஏறல. உரிச்சுட்டேன்."

"எங்க, காட்டுங்க."

"கீழ எங்கயோ விழுந்துடுச்சு சார்."

அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். அதற்குள்ளிருந்து நகத்தளவு டேப் துண்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுவா பாருங்க. காலையிலேயே நான் உரிச்சு எடுத்துட்டேன். இப்ப ரயிலை நிறுத்தினது, ஓட்டினது எல்லாம் என் கட்டைவிரல்தான்." மடியிலிருந்த பெட்டியின் திருகைத் தட்டிக் காட்டினார்.

"அப்பா..." என்றாள் மகள்.

"நீ ஒண்ணும் பேசாத. எங்க ஒட்டினா வண்டி நிக்கும்னு சரியாப் பார்த்துல்ல ஒட்டியிருக்க!" என்றவர் அவன் பக்கம் திரும்பினார். "வீட்டுக்கு ஒரு மெக்கானிக் போதும், அது இவளாவே இருக்கட்டும். காபி ஆறுது, குடிங்க மாப்பிள்ளை."