பழைய சீட்டின் வார்

யாரோ பயன்படுத்திய குழந்தை சீட் ஒன்றை வாங்கிவந்து காரில் மாட்டிய கணவன், மகளை அதில் உட்காரவைத்தான்.

"வாருக்கும் தோளுக்கும் நடுவுல ஒரு விரல்தான் நுழையணும். நல்லா இறுக்குங்க" என்றாள் மனைவி.

"இதுக்கு மேல இறுக்கினா என் முதுகெலும்புதான் கழண்டு வரும் தாயே!"

வார் மகளின் மார்பிலிருந்து ஒரு சாண் தள்ளியே விறைத்து நின்றது. மனைவி அந்த இடைவெளியில் கையை விட்டாள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் வெதுவெதுப்பாக, மெத்தென்று ஏதோ கையைத் தடுத்தது.

"இது ஆக்சிடென்ட்ல அடிபட்ட சீட்டான்னு கேட்டீங்களா?"

"கேக்கலையே..."

அவள் வாரைக் கழற்றி, மகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். வாசற்படியிலேயே மூச்சு வாங்கியது. தினமும் தூக்கும் பத்துக் கிலோ மகள் இருபது கிலோ கனத்தாள்.