அளவுக்கு ஓர் ஆள்

பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் பனிப்பாறையின் உயரம் படத்தில் தெரியாது என்று புகைப்படக்காரர் சொன்னதால், கப்பல் சமையல்காரன் அமலதாஸ் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ரப்பர் படகில் அதன் அடிவரை போய் நின்றான். படம் பிரமாதமாக வந்தது. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் மனைவி பெர்னத்துக்குப் பெருமையாக அனுப்பிவைத்தான்.

அவள் உடனே கூப்பிட்டாள். "உப்பு அம்பாரம் மாதிரில்லா இருக்கு. நீங்க எங்க நிக்கிய?"

"கீழ பாரு. செவப்பா ஒரு புள்ளி தெரியுதா?"

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு குரல் உடைந்து வந்தது. "உள்ள சமையல் வேலைன்னுதான சொன்னிய? அது சரிஞ்சா உங்கள எங்க போய்த் தேடுவாவ?"

மறுநாள் புகைப்படக்காரர் மறுபடியும் கோட்டை நீட்டினார். "இந்தப் பனிப்பாறை நேத்தையதைவிடப் பெரிசு. வர்றியா?"

"அடுப்புல உலை கொதிக்குது சார்" என்றான் அமலதாஸ்.

அவர் வற்புறுத்தவில்லை. பாறையின் அடியில் ஒற்றைப் பென்குயின் ஒன்று ஏறி நின்றதும் கேமராவை அதன் பக்கம் திருப்பினார். சமையலறையின் வட்டச் சன்னல் வழியாக அமலதாஸும் அதைப் பார்த்தான். அது தண்ணீரில் குதித்து நீந்தி விலகும்வரை அவன் வெங்காயத்தில் கை வைக்கவில்லை.