மூன்றாவது கேள்வி

“பொய் மட்டும் சொல்லிடாதம்மா. நான் போன்ல இருக்கேன். நீ என்ன சொல்றியோ அதைத்தான் எழுதிக்க முடியும்” என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

“நான் எதுக்கு சிஸ்டர் பொய் சொல்லப் போறேன்?” என்றாள் அவள். அதுதான் முதல் பொய்.

மடியில் ஆறு வாரக் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. அதற்கே இரண்டு கையும் போதவில்லை என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் கிடத்தியிருந்தாள். ஜன்னலோரம் அவள் கணவர், யாருடைய கோட்டுக்கோ பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். கீழே தையல் கடை, மேலே வீடு. மத்தியானம் சாப்பிட வந்தாலும் கையோடு வேலையும் வந்துவிடும். கடைக்கு வருபவர்கள் அவரை ‘மாஸ்டர்’ என்றார்கள்; கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவளும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டாள்.

“உனக்கு லூபஸ் வியாதி இருக்கு. அது இருக்கறவங்களுக்குப் பிரசவத்துக்கு அப்புறம் இதயம் சொல்லாமக் கொள்ளாமக் களைச்சுப் போகும். நீங்களோ பிள்ளை பெத்த அசதின்னு விட்டுடுவீங்க. அதான் கூப்பிட்டுக் கேக்கறோம். மூணே கேள்வி. ஒண்ணுக்கு ஆமான்னாலும் இன்னிக்கே வந்து அட்மிட் ஆகணும்.”

மற்றதெல்லாம் அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, ‘அட்மிட்’ மட்டும் நன்றாக விழுந்தது. பிரசவமான கையோடு பதினெட்டு நாள் அவள் ஒரு வார்டிலும் குழந்தை ஒரு வார்டிலுமாகக் கிடந்தார்கள். இன்னொரு தரம் அதைப் பிரிந்து ஒரு ராத்திரிகூட இருப்பதில்லை என்று அவள் எப்போதோ முடிவு கட்டியாயிற்று.

“படுத்தா மூச்சு முட்டுதா?”

“இல்ல சிஸ்டர். நல்லாத் தூங்கறேன்.”

அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணைகள் இருந்தன. நேற்று அந்த மூன்றாவதைக் கொண்டுவந்து செருகியவரே மாஸ்டர்தான், “மகாராணிக்கு சிம்மாசனம் ரெடி” என்று சொல்லிக்கொண்டு. இப்போது அவர் தலையணைகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே ‘மூச்’ என்றாள். அவர் மறுபடி பித்தானிடம் போய்விட்டார்.

“கால் வீங்கியிருக்கா?”

“ம்ஹூம்.”

சொல்லிவிட்டுக் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள், நர்ஸ் எட்டிப் பார்த்துவிடப் போகிறாள் என்பதுபோல.

“வீட்டுல எடை பாக்கற மெஷின் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப துணிதான் தராசு. இந்த ரெண்டு மூணு வாரத்துல இடுப்பு, வயிறு, எங்கியாவது துணி இறுக்க ஆரம்பிச்சிருக்கா? உடம்புல நீர் கோத்தா அதுதான் காட்டிக் குடுக்கும்.”

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பாடா, இதற்குப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

“சத்தியமா இல்ல சிஸ்டர். நடுவுல ஒரே ஒரு நாள் கவுன் இடுப்புல ஏறமாட்டேன்னுச்சு. பழையபடி லூபஸ் மாத்திரை போட்டு ஊதின மாதிரி ஆயிடுவேனோன்னு ஓன்னு அழுதேன். மறுநாள் பாத்தா அதுவும் சரியாப் போச்சு. இப்ப எல்லாமே அளவெடுத்த மாதிரி இருக்கு. எங்க வீட்டுக்காரர் டெய்லர்தான், என் துணியெல்லாம் அவரே அயர்ன் பண்ணிக் கொண்டாந்து தராரு. வேணும்னா அவரைக் கேளுங்க.”

“டெய்லர் பொண்டாட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று நர்ஸ் சிரித்தாள்.

ஜன்னலோரம் “ஸ்” என்று ஒரு சத்தம். மாஸ்டர் விரலை வாயில் வைத்திருந்தார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவருக்கு ஊசி குத்தி அவள் பார்த்ததில்லை.

அவளுக்கு மனசு லேசாகியிருந்தது. மூன்று வாரமாக அவள் பிடித்துக்கொண்டிருந்த கொம்பே அதுதான். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கும்போதும், கணுக்கால் எலும்பைத் தேட வேண்டியிருந்தபோதும், ‘நிஜமாவே ஏதாவது இருந்தா துணி இப்படிப் பொருந்துமா?’ என்று தன்னையே அதட்டிக்கொள்வாள். அந்த ஒரு நிஜத்தை நம்பித்தான் மற்ற இரண்டு பொய்களையும் இவ்வளவு தைரியமாகச் சொன்னாள்.

“சரிம்மா. மூணுக்கும் இல்லைன்னு போட்டுக்கறேன். அடுத்த மாசம் கூப்பிடறேன்.”

“சிஸ்டர், வெச்சுடாதீங்க.”

மாஸ்டர் எழுந்து வந்திருந்தார். எழவு வீட்டில்கூட ஒரு நக்கல் அடித்துவிட்டு வருகிற வாய் அது. இப்போது உலர்ந்து போயிருந்தது.

“மொத ரெண்டு பதிலும் பொய் சிஸ்டர். இவளுக்கு மூணு தலைகாணி இல்லாமப் படுக்க முடியல. காலும் வீங்கியிருக்கு. நானும் அசதின்னு நெனச்சு வாயை மூடிட்டிருந்தேன்.”

“மாஸ்டர், வேண்டாங்க.” அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “இதை விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்? மூணாவது நெஜம்தானே? அதையாவது நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க.”

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அன்னிக்கு நீ அழுததைத் தாங்க முடியலம்மா. அதுலேருந்து அயர்னுக்கு எடுத்துட்டுப் போறப்பல்லாம் தையலைப் பிரிச்சு, பெரிசாக்கித்தான் கொண்டுவந்தேன்” என்றவர், போன் பக்கம் குனிந்தார். “மூணு வாரத்துல நாலு தடவை சிஸ்டர். இனிமே பிரிச்சு விட உள்ளே துணி இல்ல.”