பதினோரு செம்பருத்தி

மடியில் இருந்த துணிப்பையை எங்கே ஒளிப்பது என்று மானசாவுக்குத் தெரியவில்லை.

எதிரே ஜலஜாம்மா பூத்திருடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மூன்று வருஷக் கோபம். தட்டில் இருந்த உப்புமா ஆறிப்போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"மங்கி குல்லா போட்டுக்கிட்டு வர்றான்மா, கண்ணு மட்டும்தான் தெரியும். மழை இருக்கோ இல்லையோ, கையில ஒரு குடை. குடைக் கைப்பிடியால கிளையை வளைச்சு, காம்பவுண்டுக்கு வெளியில நின்னே பறிச்சிடறான். நான் மாடியிலேர்ந்து கத்தறதுக்குள்ள தெருமுனையில இருப்பான்."

மானசாவின் வாய்க்குப் போன ஸ்பூன் பாதி வழியில் நின்றது.

ஜெயநகரில் விடியற்காலை ஐந்தரைக்கு மங்கி குல்லாவோடு நடக்கிற பெரியவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். பாதிப் பேர் கையில் பூப்பையும் இருக்கும். சாமிக்குப் பறிப்பது திருட்டில் சேராது என்பது அவர்கள் கட்சி. ஆனால், சொட்டு மழை இல்லாத ஜனவரியிலும் குடையோடு போகிறவர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். போன வாரம் அந்தக் குடைக்குப் புதுக் கைப்பிடி போட அவளைத்தான் கடைக்கு அனுப்பினார்.

அவளுடைய அப்பா, நஞ்சுண்டய்யா.

இன்று காலை அவள் கிளம்பும்போது கூப்பிட்டுப் பையைக் கொடுத்தவரும் அவரே. "சிநேகிதர் வீட்டுக்கு வெறுங்கையோடவா போவே? இதைக் கொண்டு போ. அவங்க வீட்டுச் சாமிக்கு ஆகட்டும்."

எந்த வீடு என்று அவர் கேட்கவில்லை. எந்தச் செடி என்று அவளும் கேட்கவில்லை.

சிநேகிதன் வீடு என்பதும் பாதி உண்மைதான். ஆபீஸ் ஃப்ரெண்ட், சும்மா காபிக்கு வருகிறாள் என்று ஸ்ரீவத்சா தன் அம்மா ஜலஜாம்மாவிடம் சொல்லி வைத்திருந்தான். சும்மா காபிக்கு வருகிறவள் மைசூர் பட்டில் வந்து இறங்கியதைப் பற்றி ஜலஜாம்மா ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டால் மத்தியானச் சாப்பாட்டிலேயே கல்யாணப் பேச்சை எடுப்பதாகத் திட்டம். அவன் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருந்தான்.

மானசா பையைத் தரையில் இறக்கி, காலால் மெல்ல சோபாவுக்கு அடியில் தள்ளினாள்.

"லேசுப்பட்ட செடியா அது? தீர்த்தஹள்ளியில இருக்கற எங்கம்மா வீட்டுலேர்ந்து வந்தது. வெள்ளை அடுக்குச் செம்பருத்தி, நடுவுல குங்குமம் வெச்ச மாதிரி இருக்கும். இந்தச் சுத்துவட்டாரத்துல வேற யார் வீட்டுலயும் கிடையாது. ராத்திரி மொட்டை எண்ணிட்டுத்தான் படுப்பேன். நேத்து பதினொண்ணு. காலையில பார்த்தா ஒண்ணுகூட இல்ல."

"பூன்னதும் ஞாபகம் வருதும்மா," என்றான் ஸ்ரீவத்சா. "மானசா உனக்குன்னு பூ கொண்டுவந்திருக்கா."

வேண்டாம் என்று அவள் கண்ணைக் காட்டினாள். ஆபீஸில் அவனுக்குக் கெட்டிக்காரன் என்று பெயர். குனிந்து, சோபாவுக்கு அடியில் கைவிட்டு, பையை எடுத்து அம்மாவிடம் நீட்டினான்.

ஜலஜாம்மா பையைத் திறந்தார்.

பூக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். பதினொன்றாவது பூவோடு பை காலியானது.

ஸ்ரீவத்சாவுக்கு அப்போதுதான் உறைத்தது. "காந்தி பஜார்ல வாங்கினதுதானே, மானசா?" என்றான் அவசரமாக.

ஆமாம் என்று ஒரு சொல் போதும், தப்பித்துவிடலாம். ஆனால், இந்த வீட்டுக்கு வாழ வந்த பிறகு தினமும் விடிகாலையில் மாடியிலிருந்து மாமியார் கத்த, தெருவில் அப்பா ஓட, நடுவில் தான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி காபி கலக்க வேண்டும். அதை நினைத்ததும் மானசாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"இல்ல ஆண்ட்டி. எங்கப்பா பறிச்சது. அந்தக் குடையும் எங்க வீட்டுதுதான்."

ஜலஜாம்மா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பூஜையறைக்குள் போனார். வெகு நேரம் மணிச்சத்தம் கேட்டது.

ஸ்ரீவத்சா தலையில் கை வைத்துக்கொண்டான். மானசா காலிப் பையை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள்.

திரும்பி வந்தபோது அவர் கையில் குங்குமக் கிண்ணமும் ஒரு செம்பருத்தியும் இருந்தன. மானசாவின் நெற்றியில் குங்குமம் இட்டார். பூவைப் பின்னலில் செருகினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை உங்கப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா. அவரைக் கேட் வழியா வரச் சொல்லு."

பிறகு மகன் பக்கம் திரும்பினார். "நீ என்னடா முழிக்கிறே? காபிக்கு வர்றவ யாராவது பட்டுப்புடவை கட்டிட்டு வருவாளா?"

ஒரு வார ஒத்திகைக்கு வேலையே இல்லாமல் போனது.

வழியனுப்ப ஜலஜாம்மாவே கேட் வரைக்கும் வந்தார். பூவெல்லாம் போய், செம்பருத்திச் செடி மொட்டையாக நின்றிருந்தது. மகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, அவள் காதருகே குனிந்தார்.

"தீர்த்தஹள்ளின்னு சொன்னேனே, அவன் அப்படியே நம்பிக்கிட்டிருக்கட்டும். கல்யாணமாகி வந்த புதுசுல லால்பாக் தோட்டத்துல ஒரு கிளையை ஒடிச்சு, முந்தானையில மறைச்சுக் கொண்டுவந்தேன். திருடி வெச்சதுதாம்மா இந்த வீட்டுல நல்லா வேர் பிடிக்கும்."