லாவோஸ் கதை எடுக்காதை

"லாவோஸ் எண்ட சொல்லே உன்ரை வாயிலை வரப்படாது. விளங்குதோ?"

வடைச் சட்டியிலிருந்து கண்ணெடுக்காமலே அருள்நாயகி மகளை எச்சரித்தாள். ஒஸ்லோ நகரத்துக் குரோருட்டில் அந்த ஆறாம் மாடிச் சமையலறை முழுக்க எண்ணெய்ப் புகை. வெளியே 2007ஆம் ஆண்டு பங்குனியின் கடைசிப் பனி கரையவா வேண்டாமா என்று கிடந்தது.

"ஏனம்மா, நான் என்ன களவெடுத்திட்டே வந்தனான்? பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான்," என்றாள் துஷ்யா.

"ஒரு வருசம். தனிய. காட்டுக்குள்ளை. சம்பளமும் இல்லை. இதைக் கேட்டால் எந்தத் தாய் தன்ரை மகனுக்கு உன்னை எடுப்பாள்? போன முறை வந்த ஆக்கள் தேத்தண்ணியையும் முடிக்காமல் எழும்பினது மறந்து போச்சோ?"

மறக்கவில்லை. ஆனால் அவர்கள் எழும்பிப் போனது துஷ்யாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இந்த முறை அப்படியில்லை. மாப்பிள்ளை கிருஷிகனோடு நான்கு தரம் கோப்பி குடித்திருக்கிறாள். ஐந்தாம் தரம் கதை மும்முரத்தில் கோப்பி ஆறிப்போனதே இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இந்தச் சம்பந்தம் குழம்பினால் தாங்கமாட்டாள். காலையில் அவன் அனுப்பிய குறுஞ்செய்தியை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தாள்: 'அம்மா எல்லாம் கேப்பா. பொய் சொல்லாதை. உடனை பிடிச்சிடுவா.'

சொன்ன மணிக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் கிருஷிகனின் தாய் தங்கேஸ்வரியும் தகப்பன் இரத்தினவேலும் வந்து சப்பாத்தைக் கழற்றினார்கள். தங்கேஸ்வரி கதிரையில் சாயாமல் நிமிர்ந்து இருந்தாள். இரத்தினவேல் வடைத் தட்டுக்குக் கிட்டவாக ஓர் இடம் பிடித்தார். அதற்குப் பிறகு மனுசன் வாய் திறந்தது வடைக்கு மட்டும்தான்.

"எனக்கும் பென்சன் வந்திட்டுது. கன்ரீன் வேலையை விட்டாச்சு," என்றாள் தங்கேஸ்வரி. "மகன்ரை அலுவலும் ஒப்பேறினால் என்ரை கடமை முடிஞ்சுது." பிறகு துஷ்யா பக்கம் திரும்பினாள். "பிள்ளை, நீர் லாவோசிலை படிப்பிச்சனீராம்?"

அருள்நாயகி அவசரமாகத் தேத்தண்ணித் தட்டத்தை நீட்டினாள். ஒஸ்லோத் தமிழரிடம் ஒரு விஷயத்தை ஒளிக்க ஆராலே ஏலும்!

"ஓம் அன்ரி," என்றாள் துஷ்யா. நடக்கிறது நடக்கட்டும்.

"எங்கை தங்கினனீர்?"

"ஒரு குடும்பத்தோடை. தூண் மேலை கட்டின மரவீடு. நிலத்திலை பாய் போட்டுத்தான் படுக்கை."

"நிலத்திலையோ? கட்டில் கேட்டால் குடுக்கமாட்டினமோ?" தங்கேஸ்வரி தன் முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

"கேட்டால் மூங்கிலிலை அடிச்சுத் தருவினம். நான் கேக்கேல்லை."

"குளிப்பு?"

"ஆத்திலை அன்ரி. பொம்பிளையள் எல்லாரும் குறுக்குக்கட்டோடை சேந்து போவம்."

அருள்நாயகி கண்ணை மூடிக்கொண்டாள். ஐயோ, இந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தையைக்கூட விழுங்கத் தெரியாதே!

"சாப்பாடு? மரக்கறியோடை மட்டும் சமாளிக்கலாமோ?"

"சமாளிக்கலாம் அன்ரி."

"ஒரு வகுப்பிலை எத்தினை பிள்ளையள்?"

"ஐம்பத்திரண்டு. மேலை தகரக் கூரை. மழை பெய்தால் நான் கத்துறது எனக்கே கேக்காது. படம் கீறிக் காட்டித்தான் படிப்பிக்கிறது." துஷ்யாவுக்குப் பயம் மெல்ல மறந்துபோனது. பழைய லொறிச் சில்லின் வளையத்தைத் தட்டி மணியடிப்பதையும், சோக்குப் பெட்டியைத் தூக்கப் பிள்ளைகள் அடிபடுவதையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"அங்கை இன்னும் சோக்கோ?"

"ஓம் அன்ரி. தலை, மூக்கு எல்லாம் தூள்."

தங்கேஸ்வரி முதன்முறையாகச் சிரித்தாள். உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"போறதுக்கு வீட்டிலை ஆரும் கையெழுத்து வைக்கவேணுமோ?"

"இல்லை. எங்கடை கையெழுத்து மட்டும் காணும்."

"ஓ... ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை." தங்கேஸ்வரி கணவரைக் கடைக்கண்ணால் பார்த்தாள். அவர் நாலாவது வடையில் இருந்தார். "பிடிக்காட்டி இடையிலை விட்டிட்டு வரலாமோ?"

அருள்நாயகிக்குச் சுருக்கென்றது. மனுசி கேட்பது பள்ளிக்கூடத்தைப் பற்றியா, கலியாணத்தைப் பற்றியா?

"வரலாம் அன்ரி. நான் வரேல்லை." துஷ்யா சொன்னாள். "எனக்குக் காய்ச்சல் வந்தால் பிள்ளையள் படியிலை வந்து குந்தியிருக்குங்கள். விட்டிட்டு எப்பிடி வாறது?"

தங்கேஸ்வரி கைப்பையைத் திறந்து கண்ணாடியைப் போட்டாள். சின்னக் கொப்பி ஒன்றை எடுத்தாள்.

"பள்ளிக்கூடம் எப்ப துவங்கும்?"

"செப்டம்பர்."

குறித்துக்கொண்டாள். கொப்பியை மூடினாள். அதோடு எல்லாம் முடிந்தது என்று துஷ்யாவுக்குக் கண் கலங்கியது.

அருள்நாயகியால் பொறுக்க முடியவில்லை. "அது அறியாத வயதிலை போனது. இனிப் போகமாட்டாள். நான் பொறுப்பு!"

"ஏன் போகப்படாது? அருமையான பிள்ளை," என்றாள் தங்கேஸ்வரி. "கலியாணத்தை ஆனியிலை வைப்பம்."

அருள்நாயகிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "ஆனியிலையோ? இன்னும் மூண்டு மாதம்தானே! என்ன அவசரம்?"

"செப்டம்பரிலை பள்ளிக்கூடம் துவங்குதெல்லே!" தங்கேஸ்வரி கொப்பியைத் துஷ்யாவிடம் நீட்டினாள். "லாவோசுக்குப் படிப்பிக்கப் போற ஃபோர்ம் எங்கை எடுக்கிறதெண்டு இதிலை எழுதித் தாரும் பிள்ளை. ஊரிலை பதினாலு வருசம் கணக்குப் படிப்பிச்சனான், இஞ்சை இருபது வருசம் கோப்பை கழுவினனான்; அறுபத்திரண்டு வயதெண்டால் என்னையும் எடுப்பினம்தானே?"