மஞ்சள் தகரம்

"கொடுத்த மறுநாளே வித்துட்டா சார். வேணும்னா நீங்களே நிமிர்ந்து பாருங்க," என்றாள் எதிர்வீட்டுக்காரி.

நிவாரணக் கணக்கெடுக்க வந்த எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். புயல் அடித்துப் போன தெருவில் எல்லாக் கூரைமேலும் நீலத் தார்ப்பாய். கடலைப் பார்த்த கடைசி வீட்டில் மட்டும் மஞ்சள் பூசிய தகரம், ஓட்டையும் உடைசலுமாக, மொட்டையாகக் கிடந்தது.

கூரையில் தார்ப்பாய் இல்லாவிட்டால் விற்றதாகவே கொள்ள வேண்டும், வீட்டு உதவிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. பேனாவைத் திறந்துகொண்டே அந்த வீட்டுக்குள் போனார்.

காலையிலிருந்து விடாத தூறல். வீட்டில் ஏழு இடத்தில் ஒழுகியது. இருந்த பாத்திரம் ஐந்துதான்.

"ஏம்மா, தார்ப்பாய் எங்க?"

வீட்டுக்காரி கட்டிலைக் காட்டினாள். தார்ப்பாய் அதன்மேல் போர்த்தியிருந்தது. கட்டிலுக்கடியில் நனையாத தரையில் அவளுடைய சின்ன மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

விற்கவில்லை என்று தெரிந்ததும் எழுத்தருக்குக் கோபம் கூடியது. கூரைக்குக் கொடுத்ததைக் கட்டிலுக்குப் போர்த்துவார்களா, கட்ட ஆளில்லை என்றால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று பொரிந்து தள்ளினார்.

"ஆள் வந்தாங்க சார். நான்தான் வேணாம்னு அனுப்பிட்டேன்."

"ஏன், புருஷன் வந்துதான் கட்டணுமோ?"

கேட்ட பிறகுதான் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருந்ததைப் படித்தார். கணவர் புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போனவர். பதினோரு நாளாகத் தகவல் இல்லை.

எழுத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் தப்பாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"சின்னப் படகு சார். திசை காட்டுற கருவியெல்லாம் கிடையாது. தூரத்துல கரை தெரிஞ்சதும் இந்த மஞ்சளைப் பார்த்துத்தான் படகைத் திருப்புவார். அதுக்குன்னே அவர் கையால பூசினது."

ஒரு பாத்திரம் நிரம்பிவிட்டது. அதை எடுத்து வாசலில் கொட்டிவிட்டு வந்தாள்.

"தெருவே நீலமா கிடக்கு. இதையும் மூடிட்டா, நம்ம வீடு எதுன்னு அவருக்கு எப்படி சார் தெரியும்?"

எழுத்தர் படிவத்தை எடுத்தார். 'தார்ப்பாய் கூரையில் கட்டப்பட்டுள்ளதா?' என்ற கேள்விக்கு நேரே 'ஆம்' என்று எழுதினார், நிமிர்ந்து பார்க்காமலே.