யார் மூடுவது

"கேஸை மூடினியா?" என்று படுக்கையிலிருந்தே கேட்பாள் என் மனைவி மஞ்சரி. "மூடியாச்சு" என்று அசையாமல் சொல்வேன். அவள் நம்ப மாட்டாள். எழுந்து போய் ரெகுலேட்டரைத் திருகிவிட்டு வருவாள். அவளுக்கு எல்லாவற்றிலும் பயம். எனக்கு எதிலும் இல்லை. அப்படித்தான் பொருந்திப் போனோம்.

அவள் இறந்தபின் அந்தப் பயம் என்னிடம் வந்துவிட்டது. படுக்குமுன் மூடுகிறேன். பாதித் தூக்கத்தில் எழுந்து மறுபடி தொட்டுப் பார்க்கிறேன். காலையில் அது திறந்தே இருக்கிறது.

துணைக்கு வந்திருக்கும் என் அக்கா நேற்று கத்தினாள். "ஏண்டா, மறுபடியும் தொறந்து போட்டிருக்க? என்னையும் சேத்துக் கொளுத்தப் போறியா?"

"மூடினேன்க்கா."

"அப்போ சிலிண்டர் தானாத் தொறந்துக்குதா?"

மஞ்சரிக்கு இப்போது எதிலும் பயமில்லை போலிருக்கிறது. என் அலட்சியம் அவளிடம் போய்விட்டது; அவள்தான் திறந்து போடுகிறாள். இப்படியே போனால் அவள் என்னைப் பார்க்கக்கூட எழுந்து வர மாட்டாள்.

இன்று சமையல் முடிந்ததும் அக்கா ரெகுலேட்டரில் கை வைத்தாள். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுக்கா. யாரும் மூடலேன்னாத்தான் அவ எழுந்து வருவா."

அக்கா என்னையே பார்த்தாள். கையை எடுக்கவில்லை. திருகவும் இல்லை.